எண்ணெய் மூடியில் வெள்ளை

காளியண்ணன் காரின் எஞ்சின் எண்ணெய் மூடியைத் திருகித் திறந்தார். உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனியில் பாலாடை போல வெளிறிய ஒன்று ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்தார். பிறகு குனிந்து காடியின் முன்சக்கரத்தில் விரலைத் துடைத்தார்.

மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா வரைக்கும் அதற்கு ஒரே பொருள்தான். காளியண்ணன் சக்கரத்தில் விரல் துடைத்த காடியை யாரும் வாங்குவதில்லை. காய்கறித் தோட்டத்து லேன்ரோவர்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்த ஃபோர்மேன் அவர். ஒரு காடி கெட்டது என்று வாயால் சொல்ல மாட்டார். விற்கிறவர் மனம் நோகக் கூடாதாம்.

"வாக்கா, போலாம்" என்றான் அமல்தாஸ்.

"எங்க?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"வீட்டுக்குத்தான். பாத்தீல்ல? எண்ணெயில தண்ணி கலந்து பாலாப் போச்சு. கேஸ்கெட் காலி. எஞ்சின் செத்துருச்சு லா."

"அவரு பாத்தாரு. நான் இன்னும் பாக்கல."

காடியின் சொந்தக்காரரான சரோஜா டீச்சர் வாசற்படியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பிரிஞ்சாங் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்க ஜொகூருக்குப் போகிறார். போவதற்குள் இந்தச் சின்ன எஸ்யூவியை விற்றாக வேண்டும்.

"வர்றவங்க எல்லாரும் இவரத்தான் கூட்டிட்டு வர்றாங்க" என்றார் டீச்சர். "இவரு வந்து என் டயர்ல கை தொடைச்சிட்டுப் போறாரு. காளியண்ணன், துண்டு ஏதாச்சும் குடுக்கட்டுமா?"

காளியண்ணன் சிரித்தார். கோபப்படுகிறவர் இல்லை. "டீச்சர், காடி அழகாத்தான் இருக்கு. பொணத்துக்குக் கூட பவுடர் போட்டா அழகாத்தான் இருக்கும்."

ஆரோக்கியம்மாள் மூடியைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். வெள்ளை இருந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கையால் கொழுந்து பறித்து, அப்புறம் கத்தரியால் வெட்டி, அதற்கும் அப்புறம் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கிற மெஷினில் ஒரு பக்கத்தைத் தூக்கியவள். தோள்பட்டை விட்டுப் போனதும் வேலையை விட்டாள். கணவன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பத்தையும் வேலையையும் ஒன்றாகத் தேடிக்கொண்டான். அவனைத் தேடி அவள் போகவில்லை. "தொலைஞ்சது பஸ் டிக்கட்டா, தேடறதுக்கு?" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் அவளிடம் எடுக்கவில்லை.

சமைக்க ஆரம்பித்தாள். விடியற்காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, இடியாப்பம், பருப்புக் குழம்பு. திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் பூந்தோட்டங்களில் வேலை செய்கிற நேப்பாளிகளும் வங்காளதேசத்து ஆட்களும் அவள் கொண்டு போகிற காலைப் பசியாறலுக்குக் காத்திருப்பார்கள். கொண்டு போவதுதான் பாடு. தம்பி அமல்தாஸ் காய்கறி லாரி ஓட்டுகிறவன். தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றி பிரிஞ்சாங் கொட்டகையில் இறக்குவது அவன் வேலை. காலையில் காலி லாரியாகப் போகும்போது அக்காவையும் அண்டாக்களையும் பின்னால் ஏற்றிக்கொள்வான். ஏற்றும்போது ஹாரன் அடிப்பான். அவள் மூடி போடுவதற்குள் இரண்டாவது ஹாரன். சில நாள் வரவே மாட்டான். கேட்டால், "தூங்கிட்டேங்க்கா" என்பான். போன மழையில் ஒருநாள் அப்படி அவன் வராமல், ஒரு அண்டா சோறும் குழம்பும் புளித்துப் போனது. அன்றைக்கு அதைக் குழியில் கொட்டிவிட்டு வந்து, லாரியில் இனி ஏறுவதில்லை என்று லயத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். மறுநாளும் ஏறினாள். வேறு வழியில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

லைசென்ஸ் எடுத்தாள். சோதனையில் வண்டியை மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். முதல் தடவை உருண்டுவிட்டது. "மலையிலேயே பொறந்தவ மேட்டுல ஃபெயிலு" என்று லயமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த தடவை பாஸ். பக்கத்து வீட்டு வேலப்பனின் வேனைத் தோட்டத்துச் சாலையில் ஓட்டிக் கையைப் பழக்கினாள். ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்தாள். தேயிலைக்குக் கொடுத்த தோளுக்குக் கிடைத்தது அது. அதில் ஒரு காடிதான் வாங்க முடியும். அது படுத்துவிட்டால் இன்னொன்று கிடையாது, லாரிதான்.

தோட்டத்துச் சாலையில் தார் பாதி, பள்ளம் பாதி. தாழ்ந்த காடி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். லேன்ரோவர் அவளால் திருப்ப முடியாது. உயரமாகவும் இருக்க வேண்டும், பின்னால் அண்டா நேராக நிற்கவும் வேண்டும், ஸ்டியரிங் லேசாகவும் இருக்க வேண்டும். டீச்சருடைய காடி அப்படித்தான் இருந்தது. இந்த வெள்ளை மட்டும் இல்லாமலிருந்தால்.

ரோஜாத் தொட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று ஜேசனுக்கு ஃபோன் போட்டாள். அமல்தாஸின் மகன். ஈப்போவில் காடி சர்வீஸ் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான்.

"அத்தே, அந்த வெள்ளை ரெண்டு விதமா வரும்" என்றான். "கேஸ்கெட் போனாலும் வரும். எஞ்சின் நல்லா சூடேறாமயே ஓட்டி ஓட்டி நிறுத்தினாலும் வரும். உள்ள ஆவி படிஞ்சு, எண்ணெயோட சேந்து பாலாயிரும். குளிர்ல அது சகஜம்."

"இது எதுடா?"

"ஃபோன்ல எப்படித் தெரியும்? பாத்தாலும் தெரியாது. கீழ இறக்குங்க. தாப்பா வெயில்ல நிறுத்தி வெச்சு, அப்புறம் ஏர்கோன் போட்டு மலை ஏத்துங்க. கேஸ்கெட் போயிருந்தா தண்ணி டாங்கியில தண்ணி குறையும். சிவப்பு வெளக்கு எரியும். எரிஞ்சா அந்த எடத்துலயே நிறுத்திடுங்க, ஒரு வளைவு கூடப் போகக் கூடாது."

"எரியலன்னா?"

"எரியாம, தண்ணியும் குறையாம வந்துட்டா, சூட்டுல அந்த வெள்ளையும் பெரும்பாலும் போயிருக்கும். வாங்கலாம். அத்தே, நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க. அவருக்குக் காளியண்ணன் சொன்னா வேதம்."

அவளுக்குப் பாதி புரிந்தது. சூடான சோற்று அண்டாவை மூடிக் குளிரில் எடுத்துப் போய்த் திறந்தால் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டும். அண்டா ஓட்டை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. மீதிப் பாதி பயமாக இருந்தது.

திரும்பி வந்து டீச்சரிடம் கேட்டாள். "காடிய எங்கெல்லாம் ஓட்டுனீங்க டீச்சர்?"

"ஸ்கூலுக்கு. அப்புறம் பாசாருக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு."

"தாப்பா?"

"மவன் வந்து அவன் காடியில கூட்டிட்டுப் போவான். இது கீழ எறங்கினதே இல்ல."

"நான் எறக்கிப் பாக்கட்டுமா? போய்ட்டு ஏறி வரணும். இப்பவே."

காளியண்ணன் எண்ணெய் மூடியை இறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "வேணாம் தங்கச்சி. பாதி மலையில நிக்கும். இழுவை லோரிக்கு யாரு காசு குடுக்கிறது?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனது அவர் காதிலும் இருந்தது. "ஒண்ணு செய்யலாம்" என்றார். "நீ ஓட்டு. நானும் வரேன். வழியில எஞ்சின் நின்னுச்சுன்னா காடி உன்னுது, அதே வெலைக்கு. நிக்கலன்னா உன் இஷ்டம், வாங்கு, வாங்காமப் போ. சம்மதமா?"

"அக்கா, பைத்தியமா ஒனக்கு!" என்றான் அமல்தாஸ்.

ஆரோக்கியம்மாள் சாவிக்குக் கையை நீட்டினாள். "சம்மதம்" என்றாள்.

தண்ணீர் டாங்கியில் ரோஸ் நிறத் தண்ணீர் இருந்தது. அதன் மட்டத்துக்கு நேராக டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பள்ளிக்கூடப் பழக்கம்.

அமல்தாஸ் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். "எப்படியும் தள்றதுக்கு ஆள் வேணுமே" என்றான்.

*

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்த நீல விளக்கு, தானா ராத்தா ஊரைத் தாண்டித்தான் அணைந்தது. அதுவரை எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கும் பாசாருக்கும் ஓடிய காடி, அந்த விளக்கு அணைவதற்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ரிங்லெட்டுக்குக் கீழே வளைவுகள். டீச்சர் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். "பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகாத. கியர எறக்கு. எறக்குன்னேன்." ஆரோக்கியம்மாள் இறக்கினாள். காடி உறுமிக்கொண்டு வேகத்தைக் குறைத்தது.

"சத்தத்தப் பாரு" என்றான் பின்னாலிருந்து அமல்தாஸ்.

"ஒன் லோரி பாட்டா பாடுது?"

தாப்பாவில் வெயில் நின்று அடித்தது. மலைக்காரர்கள் மூவரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். பாசாருக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் காடியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஏர்கோனைப் போட்டாள். இத்தனை வருடத்தில் டீச்சர் அதைப் போட்டதே இல்லை. முதலில் தூசி வாசம் வந்தது, பிறகு குளிர் வந்தது.

"மேலயே குளிரு. இதுக்குக் காசு குடுத்து வேற குளிரணுமா?" என்றான் அமல்தாஸ். "எவன் சொன்னான் இப்படிச் செய்யச் சொல்லி?"

"ஒன் மவன்தான்" என்றாள். சொல்லக் கூடாதென்று அப்புறந்தான் நினைவு வந்தது.

"அவன் கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்குற ஃபோர்மேன். காளியண்ணன் காதால பாக்குறவரு" என்றான் அமல்தாஸ்.

காடி அணையவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை. திருப்பினாள்.

ஏற்றத்தில் பாதி வரைக்கும் ஒழுங்காகவே வந்தது. லாத்தா இஸ்கந்தர் அருவிக்குக் கொஞ்சம் மேலே மண் சரிந்து, ஒரு பக்கம்தான் வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை நின்றது. முன்னால் மண் லாரி, பின்னால் சுற்றுலா பஸ். மேட்டில் நிறுத்தி, பத்தடி நகர்ந்து, மறுபடி நிறுத்தி. வெயில் கண்ணாடியில் நேராக விழுந்தது.

திடீரென்று முன்னால், பானட்டுக்குள்ளே ஏதோ ஓவென்று இரைந்தது. காற்று பிடித்துக்கொண்டது போல.

"போச்சு!" அமல்தாஸ் முன்சீட்டைப் பிடித்து உலுக்கினான். "போச்சுக்கா! நிறுத்து!"

அவள் விளக்குகளைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. கெட்டுப் போன ஒன்று இப்படி நிறுத்தி நிறுத்தி இரையுமா? சூட்டைத் தணிக்கிற விசிறியாகத்தான் இருக்க வேண்டும். மேலே அது சுற்ற வேண்டிய தேவையே வந்ததில்லை. அதனால் யாரும் கேட்டதில்லை.

அதற்குள் அமல்தாஸ் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். குனிந்து காடிக்கு அடியில் பார்த்தவன் கத்தினான். "தண்ணி! தண்ணி ஒழுகுது!"

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என் வீட்டு வாசல்ல ஒருநாளும் சொட்டினது இல்லையே" என்றார்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அமல்தாஸ் ஓட்டுநர் பக்கம் ஓடிவந்து, கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகப் போனான். அவள் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள்.

"தொடாத!"

"தண்ணி போனா எஞ்சின் வெந்துரும்! அணைச்சிடு, டீச்சர்கிட்ட நான் பேசுறேன்."

"நீ பேச வேணாம்."

அணைத்தால், வழியில் நின்ற காடி. டீச்சர் சொன்ன விலைக்கு அது அவள் தலையில். அணைக்காமல் விட்டு, ஒழுகுவது உண்மையாக இருந்தால், மலை ஏறுவதற்குள் எஞ்சின் போய்விடும். அதுவும் அவள் தலையில்தான். கைப்பிரேக்கை இழுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கினாள். நடுச்சாலையில் முட்டி போட்டுக் காடிக்கு அடியில் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

சில்லென்றிருந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். நிறமே இல்லை. முகர்ந்தாள். வாசமும் இல்லை. எஞ்சினிலிருந்து வருகிற தண்ணீர் என்றால் கை பொத்துப் போயிருக்கும். டாங்கியில் இருந்ததோ ரோஸ். இது ஏர்கோன் பக்கமிருந்து வருகிற தண்ணீர். குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறம் வேர்ப்பது போல. மேலே யாரும் ஏர்கோன் போடுவதில்லை. யார் வீட்டு வாசலிலும் அது சொட்டியதில்லை.

"கைய நீட்டு" என்றாள் தம்பியிடம்.

"எதுக்கு?"

"நீட்டுடா."

ஈரக் கையை அவன் கையில் தேய்த்தாள். "சுடுதா?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, மலாயில் ஏதோ திட்டினார். ஆரோக்கியம்மாள் அவருக்கு ஒரு கையை மட்டும் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அமல்தாஸ் ஏறுவதற்கு முன்பே காடி நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிவந்து தொற்றிக்கொண்டான். டீச்சர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

*

பிரிஞ்சாங்கில் பனி இறங்கியிருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரைக்கும் தேநீர் குடித்தார்கள். காளியண்ணன் வந்து சேர்ந்தார். அவருடைய பட்டறை இரண்டு வீடு தள்ளித்தான். கூடவே வேடிக்கை பார்க்க இரண்டு பேர்.

தண்ணீர் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. ஆரோக்கியம்மாள் எண்ணெய் மூடியைத் தானே திருகினாள். உள்ளே தன் விரலை விட்டாள். பழுப்பாக வழவழவென்று எண்ணெய் மட்டும் வந்தது. ஓரத்தில் மயிர் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. அதையும் மறைக்காமல் காட்டினாள்.

காளியண்ணன் விரலைப் பார்த்தார், டாங்கியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஓடியிருக்கு" என்றார். "நாளைக்கு நிக்காதுன்னு யாரு சொல்றது? நான் சொன்னது சொன்னதுதான் தங்கச்சி."

"சரிண்ணே. நீங்க சொன்னத நீங்க வெச்சிக்குங்க. நின்னா நான் தள்ளிக்கிறேன்."

"பொம்பளயா தனியாத் தள்ளுவியா?"

"மெஷின் தூக்குன தோளு. காடி தள்ளாதா?"

டீச்சர் குறுக்கே வந்தார். "ஆரோக்கியம், காடி நிக்கல. அதனால ஒனக்குக் கட்டாயம் எதுவும் இல்ல. இவங்க முன்னாடி வீம்புக்கு வாங்காத."

"வீம்புதான் டீச்சர்" என்றாள். "ஆனா தண்ணியும் கொறையலையே."

"அப்ப பேர என் பேர்ல போடு" என்றான் அமல்தாஸ். குரல் இறங்கியிருந்தது. "இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், ஒனக்கு அலைச்சல். நானே பாத்துக்கிறேன். காலையில நானே ஓட்டிட்டு வரேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. வழியெல்லாம் பயந்தது அவளுக்காகவும்தான். ஆனால் ஹாரன் அடிக்கிற கை அதுதான்.

"என் பேர்லதான்" என்றாள்.

பெயர் மாற்றி, காடி கைக்கு வந்த மறுநாள் காலை, ஐந்து மணிக்கு எழுந்து சமைத்தாள். அண்டாக்களைப் பின்னால் வைத்து, ஆடாமல் கயிறு கட்டினாள். லயத்திலிருந்து இறங்குகிற சாலையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். முதல் வளைவில் எதிரே விளக்கு தெரிந்தது. அமல்தாஸின் லாரி. வழக்கம் போல அவளை ஏற்ற வருகிறான். வாங்கிய பிறகும் அவனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. அவன் ஹாரன் அடித்தான். தலையை நீட்டி, "பின்னால எடுக்கா! நான் மேல வந்துர்றேன்!" என்றான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுமை ஏற்றிய வண்டிக்குக் காலி வண்டி ஒதுங்க வேண்டும். கொழுந்து லாரி இறங்கினால் துரையின் காடி கூடப் பின்னால் போகும்.

"ஒன் லோரில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. காலி."

"நான் லோடு வெச்சிருக்கேன்."

"என்ன லோடு?"

"பசியாறல்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. லயத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. கதவுகள் திறந்தன. லாரியின் பின்விளக்கு எரிந்து, அது மெதுவாக, மிக மெதுவாக, அடுத்த வளைவு வரைக்கும் பின்னால் போனது.